வெள்ளக் கோப்பை அறுபது நாள் மூடாதீர்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளில் எங்கள் அலுவலகத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்துக் குமாஸ்தாக்கள் சில பேர் மிச்சமிருந்தார்கள். ஒரு விவகாரம் தீர்ந்தால் கோப்பின் அட்டையில் ‘க்ளாஸே’ என்று எழுதி, நாடாவை இறுக்கிக் கட்டி அலமாரிக்கு அனுப்பிவிடுவார்கள். அகராதிப்படி அதற்கு ‘வகைப்படுத்தி அடுக்கியாயிற்று’ என்று அர்த்தம். அலுவலகப்படி ‘இனி இதைப் பற்றி யாரும் வாயைத் திறக்காதீர்கள்’ என்று அர்த்தம். நானும் முப்பத்தெட்டு வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன். அட்டையில் ‘க்ளாஸே’ விழுந்த பிறகும் உள்ளே இருக்கும் விவகாரம் உயிரோடு உட்கார்ந்திருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் மழை வெள்ளத்துக்கும் இதே கதிதான். தண்ணீர் வடிந்ததும் மோட்டார் பம்புகள் லாரி ஏறிப் போய்விடும். டிவிக்காரர்கள் அடுத்த புயலைத் தேடிப் போவார்கள். நிவாரணத் தொகை அறிவிக்கப்படும். கோப்பு மூடப்படும். ஆனால் வெள்ளம் கொண்டுவரும் வியாதி தண்ணீரோடு வருவதில்லை, தண்ணீர் போன பிறகுதான் வருகிறது. அது வரும்போது கோப்பு அலமாரியில் இருக்கிறது. இதோ இன்னொரு வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கிறது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

ஃபெஞ்சல் புயலை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்த பிறகு நகர்ந்து போயிருந்தால் பரவாயில்லை, வந்த விருந்தாளி திண்ணையிலேயே படுத்துக்கொண்டதுபோல மணிக்கணக்கில் இங்கேயே நின்றுவிட்டது. மறுநாள் காலை எட்டரை மணி வரையான 24 மணி நேரத்தில் 46 செ.மீ. மழை. எங்களுக்கு ஒரு வருஷம் முழுவதும் பெய்வதே சுமார் 130 செ.மீ.தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது. கிருஷ்ணா நகரில் சில இடங்களில் தண்ணீர் ஐந்தடி வரை ஏறியது. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ராணுவம் வந்து மக்களை மீட்டது. வெங்கட்டா நகர், ரெயின்போ நகர், இந்திரா காந்தி சதுக்கம் எல்லாம் ஏரி. நான் இருப்பதும் ரெயின்போ நகர் பக்கம்தான். கீழ்த்தளத்தில் முழங்காலளவு தண்ணீர், இரண்டு நாள் மின்சாரம் இல்லை. அடுத்த நாளே சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி தண்ணீரைத் தென்பெண்ணையில் திறந்துவிட, பாகூர் பக்கத்துக் கிராமங்கள் மூழ்கின. ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் என்று முதலமைச்சர் ரங்கசாமி அறிவித்தார். வாரக் கடைசிக்குள் எங்கள் தெருவில் தார் தெரிந்தது. எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டோம்.

இனி வியாதியின் நாட்காட்டியைப் பாருங்கள். இது என் கண்டுபிடிப்பு அல்ல, எந்த மருத்துவப் பாடப்புத்தகத்திலும் இருப்பது. நான் செய்ததெல்லாம் குமாஸ்தா புத்தியோடு அதைத் தேதிவாரியாக அடுக்கியதுதான். அசுத்தமான தண்ணீர் குடித்தால் வாந்திபேதி சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் வந்துவிடும். அதுவரை மருத்துவ முகாம்கள் இருக்கும், சரி. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் புண்ணுள்ள காலோடு நடந்தவருக்கு எலிக்காய்ச்சல் வர பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள் ஆகும், சிலருக்கு ஒரு மாதம்கூட. டைஃபாய்டு ஒன்று முதல் மூன்று வாரம். தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலையில் ‘ஏ’ வகைக்கு 15 முதல் 50 நாள். டெங்கு இன்னும் சாவகாசமாக வரும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள். அந்தக் கொசு ஏற்கெனவே டெங்கு உள்ள ஒருவரைக் கடித்த பிறகு, கிருமி அதன் உடம்புக்குள் முதிர எட்டு முதல் பன்னிரண்டு நாள். பிறகு நம்மைக் கடித்து நமக்கு ஜுரம் காண நாலு முதல் பத்து நாள். கூட்டிப் பாருங்கள். டிசம்பர் 1-ஆம் தேதி வெள்ளம் என்றால், எலிக்காய்ச்சல் டிசம்பர் நடுவில், காமாலை கிறிஸ்துமஸிலிருந்து, டெங்கு புது வருஷத்துக்கும் பொங்கலுக்கும். பொங்கலுக்கு ஜுரமாகப் படுத்திருக்கும் பிள்ளையைப் பார்த்து ‘இது நவம்பர் மழை’ என்று யாருக்குத் தோன்றும்? ‘மார்கழிப் பனி ஒத்துக்கவில்லை’ என்போம்.

எங்கள் தெருவுக்குப் பால் போடுகிறவர் ஒருவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்த மூன்று நாளும் இடுப்பளவு தண்ணீரில் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து ஊற்றினார். “குழந்தை இருக்கிற வீட்டுக்கு எப்படி சார் பால் நிறுத்துறது?” என்றார். குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. பத்தாம் நாள் போல ஜுரம். கெண்டைக்கால் இரண்டும் தொட முடியாத வலி. “தண்ணியில நடந்தது நரம்பு இழுத்துக்கிச்சு போலிருக்கு சார்” என்று அவரே வைத்தியம் சொல்லிக்கொண்டார். ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு, வைரல் ஜுரம் என்று மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் நாள் கண் சிவந்து, பிறகு மஞ்சளித்தது. காமாலை என்றதும் அவருடைய அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் போட்டுவிட்டார். மூத்திரம் சுண்டிப்போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று தடவை டயாலிசிஸ். தைப்பூசம் கழிந்துதான் மறுபடி தெருவில் அவருடைய சைக்கிள் மணி கேட்டது. இடையில் ஒரு கறவை மாடு விலைபோயிருந்தது.

எலிக்காய்ச்சலுக்குத் தொடக்கத்திலேயே கொடுத்தால் கேட்கிற மருந்துகள் உண்டு. பென்சிலின் கேட்கும், டாக்ஸிசைக்ளின் கேட்கும், இரண்டும் விலை அதிகமில்லாதவை. முதல் நாள் ‘வெள்ளத்தில் நடந்தீர்களா’ என்ற ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி டாக்டர்களுக்கு யாராவது ஞாபகப்படுத்த வேண்டுமே. பத்தாம் நாள் ஞாபகப்படுத்த வேண்டியவரின் மேசையில் கோப்பே இல்லை.

வெள்ளம் என்றதும் வானத்தைத் திட்டுகிறோம். வியாதிக்கு வானத்தைவிடத் தரைக்கடியில் இருப்பதுதான் காரணம். எங்கள் ஊர் அமைப்பைச் சொன்னால் இது விளங்கும். பழைய பாண்டிச்சேரி புல்வார்டு வட்டத்துக்குள் அடங்கியது. நேர்நேராகத் தெருக்கள், நடுவில் செஞ்சி சாலைக்கும் அம்பூர் சாலைக்கும் இடையே பெரிய வாய்க்கால். பதினேழாம் நூற்றாண்டுக் கடைசியில் இந்த ஊரைச் சில வருஷம் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட வரைபடத்தின்மேல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டினார்கள். வெள்ளைக்காரன் தெருவையும் தமிழன் தெருவையும் பிரித்ததற்காக அந்த வாய்க்காலைக் குறை சொல்லலாம், ஆனால் அது தண்ணீர் போகிற வழியிலேயே இருக்கிறது. புல்வார்டுக்கு வெளியே மேற்கும் வடக்கும் என் சிறுவயதில் வயலும் பள்ளமுமாக இருந்தவை இன்று ‘நகர்’ என்று முடியும் பெயர்களோடு நிற்கின்றன. பெயர் மாறினாலும் பள்ளம் பள்ளம்தான். உப்பனாறு வாய்க்கால் தன் அகலத்தைப் பல இடங்களில் இழந்துவிட்டு, மிச்சத்தில் பிளாஸ்டிக்கைச் சுமந்துகொண்டு கிடக்கிறது.

அதைவிட ஆபத்து வீட்டு வாசலில் இருக்கிறது. எங்கள் ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் கிடையாது, நிலத்தடி நீர்தான் குழாயில் வருகிறது. அதுவும் நாள் முழுவதும் வராது, காலையும் மாலையும் சில மணி நேரம். மீதி நேரம் குழாய் காலியாகக் கிடக்கும். காலிக் குழாயில் எங்காவது விரிசல் இருந்தால், சுற்றியிருக்கும் மண்ணின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். மண்ணில் நல்ல தண்ணீர் இருந்தால் நல்ல தண்ணீர், பாதாளச் சாக்கடை பொங்கியிருந்தால் அது. மறுநாள் காலை குழாயைத் திறந்ததும் முதல் குடம் நம் வீட்டுக்கு. நாம் அதை நேராகப் பிடிப்பதும் இல்லை, வாசலில் தரைக்குக் கீழே கட்டிய சம்ப்பில் விட்டு மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். பெரும்பாலான வீடுகளில் சம்ப் மூடி தரைமட்டத்தில், ஒரு சிமெண்டுப் பலகையாக இருக்கும். முழங்காலளவு வெள்ளம் வந்தால் முதலில் உள்ளே போவது அந்த வழியாகத்தான். தெரு காய்ந்து, வீடு கழுவி, சாம்பிராணி போட்டு எல்லாம் முடித்துவிட்டு, அதே சம்ப்பில் கிடக்கும் தண்ணீரில் பல் தேய்ப்போம். வெள்ளம் தெருவை விட்டுப் போய்விட்டது. சம்ப்பை விட்டுப் போகவில்லை.

குழாய்க் கோளாறு என்ன செய்யும் என்று பார்க்க வெளியூர் போக வேண்டியதில்லை. 2022 ஜூலையில் நம் யூனியன் பிரதேசத்துக் காரைக்காலில் வாந்திபேதி பரவி, சிலருக்குக் காலரா என்று உறுதியானதும் பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவிக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். அப்போது புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. குடிநீரில் கழிவுநீர் கலந்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. வெயில் காயும் ஜூலையிலேயே இந்த நிலைமை என்றால் டிசம்பர் வெள்ளத்துக்கு நடுவில் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள்.

பிரெவே பரீட்சைக்குப் படித்த காலத்தில் எங்கள் வாத்தியார் பாரிஸ் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். 1910 ஜனவரி. சேன் நதி 8.62 மீட்டர் உயரம் வரை வந்தது. அல்மா பாலத்தடியில் ஸுவாவ் சிப்பாய் சிலை ஒன்று உண்டு, பாரிஸ்காரர்கள் அதன் உடம்பை வைத்துத்தான் வெள்ளத்தை அளப்பார்கள். அந்த வருஷம் அதன் தோள் வரை தண்ணீர். வாத்தியார் தன் தோளில் கையை வைத்துக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. அவர் சொல்லாமல் விட்டதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு கரையைத் தாண்டி வந்ததில்லை, சாக்கடைகள் வழியாகவும் மெட்ரோ சுரங்கங்கள் வழியாகவும் கீழிருந்து மேலே வந்தது. ஆற்றைவிட்டுத் தள்ளியிருக்கும் சேன்-லசார் ரயில் நிலையம்கூட மூழ்கியது. டைஃபாய்டு ஊரை வாரிக்கொண்டு போகப் போகிறது என்று எல்லோரும் பயந்தார்கள். பயந்த அளவுக்குப் பெரிய கொள்ளைநோய் வரவில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். வெள்ளம் வடிந்த பிறகு சுகாதாரத்துறை ஆட்கள் வீடுகளைச் சோதித்துக் கிருமிநாசினி அடித்தார்கள். பாஸ்தர் இறந்து பதினைந்து வருஷம்தான் ஆகியிருந்தது, கிருமி என்றால் என்ன என்று அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய மருந்துகளை வைத்துக்கொண்டு அவர்கள் செய்தது இது.

‘அது பாரிஸ், நம்மால் ஆகுமா’ என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. இந்திரா நகரில் இருக்கும் வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர், 1975-இல் மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தொடங்கியது. யானைக்கால் வியாதி பாண்டிச்சேரியில் எப்படி இருந்தது என்று என் வயதுக்காரர்களைக் கேளுங்கள். பெரிய மார்க்கெட்டுக்குப் போனால் வீங்கிய காலோடு நாலு பேரையாவது பார்ப்போம், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டோம், அவ்வளவு சகஜம். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு சாக்கடைத் தண்ணீரில் வளர்வது. டாக்டர் பி.கே. ராஜகோபாலன் இயக்குநராக இருந்தபோது, 1981 முதல் 1985 வரை ஐந்து வருஷம், மருந்தை மட்டும் நம்பாமல் கொசு பிறக்கும் இடத்தையே இல்லாமல் செய்யும் திட்டம் ஒன்றை இந்த ஊரில் நடத்தினார்கள். வாய்க்காலைத் தூர்வாரினார்கள், பள்ளங்களை நிரப்பினார்கள், தேங்கிய தண்ணீரை ஓடவிட்டார்கள். கொசுக்கடி வெகுவாகக் குறைந்தது. ராத்திரி மொட்டைமாடியில் கொசுவலை இல்லாமல் தூங்கியதாக என் வீட்டுக்காரி இன்றும் சொல்வாள். திட்டம் முடிந்தது. கொசு திரும்ப வந்தது. வாய்க்காலை ஓடவைப்பது ஒரு தடவை செய்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் வேலை இல்லையே.

இப்போது நடப்பது என்ன? தெருவோரத்தில் ப்ளீச்சிங் பவுடரைக் கோலம் போடுவதுபோல இரண்டு பக்கமும் கோடு இழுக்கிறார்கள். யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால் கோடு இன்னும் வெள்ளையாக இருக்கும். சேறும் குப்பையும் அந்தக் குளோரினை நொடியில் தின்றுவிடும், ஒரு கிருமிக்கும் அதனால் சேதம் இல்லை. அந்தப் பவுடர் போக வேண்டிய இடம் சம்ப். அழுக்குத் தண்ணீரை இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்ட பிறகு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் போதும். 10,000 லிட்டர் சம்ப்புக்கு 25 கிராம், ஒரு கைப்பிடிகூட இல்லை. கரைத்து ஊற்றி அரை மணி நேரம் விட வேண்டும். தெருவில் கொட்டும் ஒரு மூட்டையை வீட்டுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் எத்தனை வார்டுக்குக் காணும் என்று பாருங்கள்.

புகை வண்டியும் அப்படித்தான். டெங்குக் கொசு பகலில் கடிப்பது, வீட்டுக்குள்ளே கட்டிலடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் உட்கார்ந்திருப்பது. சாயங்காலம் தெருவில் விடும் புகை அதற்கு யாரோ ஊதுபத்தி ஏற்றியதுபோல. அதோடு, வெள்ளத்தால் டெங்குக் கொசு பெருகுவது தெருத் தண்ணீரில் அல்ல. அடித்துக்கொண்டு போகும் வெள்ளம் புழுக்களை அள்ளிக்கொண்டு போய்விடும். வெள்ளத்துக்கு அடுத்த வாரம் எங்கள் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். ஊறிப்போன மெத்தை, கெட்டுப்போன ஃபிரிட்ஜ், உடைந்த வாளி, பிள்ளைகளின் பிளாஸ்டிக் சாமான், எல்லாம் வாசலில் குவியல். குப்பை வண்டி வர மூன்று வாரம். அதற்குள் மறு மழை பெய்து ஒவ்வொன்றிலும் இரண்டு டம்ளர் சுத்தமான மழைத் தண்ணீர். குழாய்த் தண்ணீரை நம்பாமல் வீட்டுக்குள் டிரம்களில் பிடித்து வைத்ததும் திறந்தே கிடக்கும். டெங்குக் கொசுவின் முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் தாங்கும், தண்ணீர் பட்டால் பொரியும். நாம் அதற்குப் பிரசவ வார்டு கட்டிக்கொடுத்துவிட்டுத் தெருவில் புகை போடுகிறோம்.

என் முக்கியமான குறைபாட்டுக்கு வருகிறேன். அது பதிவேடு பற்றியது. குமாஸ்தாவுக்கு வேறென்ன தோன்றும் என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

‘வெள்ளத்துக்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நோய் பரவவில்லை’ என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பதிவேட்டில் இல்லை, அதனால் சொல்கிறார்கள். பதிவேட்டில் இல்லாததும் ஊரில் இல்லாததும் ஒன்று என்று நம்புவது எங்கள் வர்க்கத்தின் பரம்பரை வியாதி. நாட்டில் நோய்க் கண்காணிப்புத் திட்டம் ஒன்று 2004 முதல் இருக்கிறது. சுகாதாரப் பணியாளர் சந்தேகப்படுவதை எழுத ‘எஸ்’ படிவம், டாக்டர் கணிப்பதை எழுத ‘பி’ படிவம், பரிசோதனைக் கூடம் உறுதி செய்ததை எழுத ‘எல்’ படிவம். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் பால்காரர் இதில் எங்கே வருவார்? முதலில் போனது தெருமுனை கிளினிக். அங்கிருந்து படிவம் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. பிறகு கீழாநெல்லி, அதற்குப் படிவமே கிடையாது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்று எழுதியிருப்பார்கள். அதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது, அதுவும் ஓர் ஒற்றை நோயாளியாக. அந்த நோயாளி எந்தத் தெருவில் எந்தத் தேதியில் எவ்வளவு தண்ணீரில் நடந்தார் என்பதை வெள்ளக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ செய்தது இந்த வேலையைத்தான். காலராவில் செத்தவர்களின் வீடுகளைத் தெருப் படத்தில் குறித்தார், எல்லாம் பிராட் தெருக் குழாயடியைச் சுற்றியே இருந்தன. கிருமியை அவர் பார்த்ததில்லை. காலராக் கிருமியை ராபர்ட் கோக் நம் கல்கத்தாவில் வந்து பிரித்தெடுத்ததே முப்பது வருஷம் கழித்து, 1884-இல்தான். ஸ்னோவுக்குக் கிடைத்தது சாவுப் பதிவேடு மட்டும்.

ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் என்றதும் எந்தக் கார்டு எந்தக் கடை எந்த வங்கிக் கணக்கு என்று நம் நிர்வாகத்துக்கு எல்லாம் தெரிகிறது. பணம் கொடுக்க இவ்வளவு துல்லியமாகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, தண்ணீர் நின்ற தெருக்களில் அறுபது நாளைக்கு யாருக்கு ஜுரம் என்று கேட்டு எழுதுவது பெரிய காரியம் இல்லை. வீட்டுக்கு வாரம் ஒரு தடவை ஆஷா பணியாளரோ அங்கன்வாடி ஊழியரோ போய் மூன்று கேள்வி கேட்டால் போதும். ஜுரம் உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா, கண் மஞ்சளா. தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் நாள் முடிவில் ஓர் எண்ணிக்கை சொல்ல வேண்டும். பேதி மாத்திரையும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் ஒரே தெருவில் திடீரென்று அதிகம் விற்றால் அதுவே தகவல். அதோடு, வார்டின் கடைக்கோடிக் குழாயில் தினமும் குளோரின் பார்க்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரப்படி லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குறையாமல் இருக்க வேண்டும். டேங்குக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்து எழுதினால் அது எப்போதும் சரியாகவே இருக்கும், அந்த வித்தை எனக்குத் தெரியாததல்ல.

கேரளத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். 2018 ஆகஸ்ட் வெள்ளம் வடிந்து இரண்டு வாரத்தில் எலிக்காய்ச்சல் கிளம்பியது. அவர்கள் அதை எதிர்பார்த்திருந்தார்கள். தண்ணீரில் இறங்கியவர்களுக்கும் துப்புரவில் ஈடுபட்டவர்களுக்கும் வாரம் ஒரு தடவை டாக்ஸிசைக்ளின் கொடுக்க முகாம்கள் வைத்தார்கள். எல்லோரும் சாப்பிடவில்லை, சாவும் இருந்தது. ஆனால் எந்த வாரம் என்ன வரும் என்று நாட்காட்டி கையில் இருந்தது. மும்பையில் 2005 ஜூலை 26-ஆம் தேதி 94.4 செ.மீ. பெய்தபோது பட்ட பாடு ஏற்கெனவே நாட்டுக்கே தெரியும். அங்கும் ஆகஸ்டில்தான் எலிக்காய்ச்சல் வந்தது.

மருந்து முதலில் யாருக்கு என்று கேட்டால் என் பதில் தயங்காமல் வரும். வெள்ளம் வந்தால் நாம் மாடிக்கு ஏறுகிறோம், தூய்மைப் பணியாளர் தண்ணீருக்குள் இறங்குகிறார். எங்கள் தெருமுனையில் அடைத்துக்கொண்ட சாக்கடைக்குள் ஒருவர் தோள் வரை கையை விட்டுப் பிளாஸ்டிக்கை உருவினார். முழங்கால் பூட்ஸ் இல்லை, கையுறை இல்லை. மாடியிலிருந்து அவரை வீடியோ எடுத்து ‘சல்யூட்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டார்கள். சல்யூட்டால் எலிக்காய்ச்சல் நிற்காது. டாக்டர் பார்த்துக் கொடுக்கும் மாத்திரையும் ஒரு ஜோடி பூட்ஸும் அன்று சாயங்காலமே அவர் கைக்குப் போயிருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆள் என்பதால் எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் பட்டியலைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

இப்படி வீடுவீடாக ஜுரம் கேட்டுக்கொண்டு போனால் பீதி கிளம்பும், சுற்றுலா படுத்துவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் கடற்கரைச் சாலையில் நிற்க இடமில்லாத ஊர் இது, அவர் கவலை நியாயம்தான். ஆனால் காரைக்காலில் அவசரநிலை அறிவித்த வாரம் அந்த ஊர் ஓட்டல்களில் யார் வந்து தங்கியிருப்பார்கள்? எண்ணிக்கையை மறைத்துவைத்தால் பீதி வராது என்பது வெளியூர்க்காரன் ஒருவனுக்குப் பேதி வரும் வரைதான்.

அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும் என்று எங்கள் தெருவில் பதினொரு வீட்டுக்காரர்கள் சேர்ந்து சம்ப் வாயைச் சுற்றி ஒன்றரை அடி சுவர் எழுப்பி, ரப்பர் வைத்த இரும்பு மூடி போட்டுக்கொண்டோம். ஒரே மேஸ்திரியிடம் கொடுத்ததில் கூலி கொஞ்சம் குறைந்தது. இரண்டு வீட்டார் சேரவில்லை. வாசலில் கோலம் போட இடம் போய்விடுமாம். ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கி வைத்திருக்கிறேன், வீட்டு எண், தேதி, என்ன உபத்திரவம், எந்த டாக்டர் என்று நாலு கட்டம் போட்டு. தண்ணீர் ஏறினால் அன்றிலிருந்து அறுபது நாள் வாரத்துக்கு ஒரு தடவை போய்க் கேட்பதாக இருக்கிறேன். பால்காரர் வாசல்வாசலாக வருகிறவர், அவருடைய காதில் விழுவதையும் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம், எட்டாம் நம்பர். சற்றுப் பெரிதாக இருக்கிறதாம், துணி சுற்றிப் போட்டுக்கொள்கிறேன் என்றார்.